மாடு தின்பது பாலில் தெரியும்

நலவாழ்வுப் பகுதி

"என்னாக்கா, இன்னிக்குப் பாலு ரொம்பத் தண்ணியா இருக்கே!" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டுவிட்டால், மாடு வைத்திருக்கும் நம் பெண்களுக்கு அன்று முழுவதும் மனம் ஆறாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காதவர் மீதும் இந்தப் பழி விழுவதுண்டு. பால் சேகரிப்பு நிலையத்தில் 'கொழுப்புக் குறைவு' என்று எழுதிவிட்டால் காசும் குறைகிறது, பேரும் கெடுகிறது.

தோழர்களே, தாய்மார்களே! இந்தக் குறைக்குக் காரணம் பல சமயம் மாட்டின் தீனித் தொட்டியில் இருக்கிறது. தீனி மாறினால் பால் மாறும். கொழுப்பு மாறும், நிறம் மாறும், வாடை மாறும். இவையெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிகிறவை. தெரியாத ஒன்றும் இருக்கிறது. கெட்டுப்போன தீனியில் உள்ள நஞ்சு பால் வழியாக நம் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்விடும். அதனால்தான் மாட்டுத் தீனியைப் பற்றி இந்த நலவாழ்வுப் பகுதியில் எழுத வேண்டியிருக்கிறது.

புல் குறைந்தது, கழிவு வந்தது

ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருப்பது சாதாரணம். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மத்தியானம் புல் அறுக்கப் போவார்கள். இந்தியாவிலிருந்து நம்மவர்களோடு வந்த மாடுகளின் வழியில் பெருகிய கறவை மாட்டை, 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே இந்த நாட்டின் கால்நடைத் துறையினர் குறிப்பிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு மாடு நம் வாழ்க்கையோடு ஒட்டியிருந்தது.

பிறகு பால்மரங்கள் விழுந்தன, செம்பனை எழுந்தது. மட்டைகள் கூடிக்கொண்ட பின் செம்பனைக்கு அடியில் வெயில் இறங்காது. புல் அதிகம் வளராது. வளர்கிற புல்லுக்கும் மருந்தடிக்கிறார்கள். இன்று தோட்டங்களில் மாடு வைத்திருப்பவர்கள் முன்னைப்போல் இல்லை. இருக்கிறவர்களும், தோட்டத்தை விட்டு வெளியேறிப் பக்கத்து நிலங்களில் மாடு வளர்ப்பவர்களும், ஆலைக் கழிவுகளை நம்பியே காலம் தள்ளுகிறார்கள். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, செம்பனை மட்டை, சோயா சக்கை, பீர் ஆலைச் சக்கை, ஜொகூர் பக்கம் அன்னாசித் தோல், தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு என்று பட்டியல் நீளும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதன் தின்ன முடியாததைத் தின்று, மனிதன் குடிக்கக்கூடிய பாலாக மாற்றித் தருவதுதான் மாட்டின் பெருமை. ஆனால் எதை, எவ்வளவு, எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதில்தான் பாலின் தரம் இருக்கிறது.

மாட்டு வயிற்றில் என்ன நடக்கிறது?

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறை பெரிய அண்டாவைப் போன்றது. பெரிய பசுவுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நார்த் தீனியை அவை புளிக்க வைத்து அசெட்டிக் அமிலமாக்குகின்றன. காடியில் இருக்கும் அதே அமிலம்தான். பசுவின் மடி இதைக் கொண்டுதான் பாலின் கொழுப்பில் பெரும் பங்கை உண்டாக்குகிறது.

ஆகவே நார்த் தீனி குறைந்தால் கொழுப்புக் குறையும். தவிடும் மாவும் கலவைத் தீனியும் அதிகமாகி, புல்லும் வைக்கோலும் குறைந்துபோனால் பால் லிட்டர் கணக்கில் கூடலாம். ஆனால் கெட்டி இருக்காது. மழைக்குப் பின் தளதளவென்று முளைக்கும் இளம் புல்லை மட்டும் தின்றாலும் இதே கதைதான். அதில் நார் குறைவு, தண்ணீர் அதிகம்.

எண்ணெய் அதிகமுள்ள தீனியும் தொல்லை தரும். மாடு ஒரு நாளில் தின்னும் தீனியில், ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், எண்ணெய் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும், நார் செரிக்காது.

பி.கே.சி. நல்லதுதான், அளவோடு!

நம் ஆட்கள் 'பி.கே.சி.' என்று சொல்லும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஆலைக்குப் போனதும் பழச் சதையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் கொட்டையை உடைத்துப் பருப்பைப் பிரித்து வேறோர் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பருப்பை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் பி.கே.சி.

இதில் புரதம் நூற்றுக்கு 14 முதல் 18 பங்கு வரை இருக்கும். நாரும் தாராளமாக உண்டு. அதனால் மாவுத் தீனியைப்போல் இது பாலின் கொழுப்பைச் சட்டென்று குறைத்துவிடாது. இங்கேயே கிடைக்கும் பொருள், விலையும் மற்றக் கலவைத் தீனியைவிடக் குறைவு. இத்தனை நல்ல குணம் இருக்கும்போது, "இதையே வயிறு நிறையப் போட்டால் என்னா?" என்று கேட்கத் தோன்றும்.

கூடாது. காரணம் நான்கு.

முதலாவது, ஆட்டிய பின்னும் புண்ணாக்கில் எண்ணெய் மிஞ்சியிருக்கும். அந்த எண்ணெயில் ஏறக்குறையப் பாதி, லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு. அளவு மீறினால் அது பாலின் கொழுப்பிலும் ஏறும்.

இரண்டாவது, இதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். தீனியில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் பாலில் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பசு தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் விடும். தாயின் குணம் அது. சுண்ணாம்பும் தாதுவும் சரியான அளவில் கிடைக்காத பசு நாளாக ஆக மெலியும். கன்று போட்ட கையோடு எழ முடியாமல் படுத்துக்கொள்ளும் பசுக்களில் பலவற்றுக்குக் காரணம் இரத்தத்தில் சுண்ணாம்பு திடீரென்று இறங்குவதுதான். ஆகவே தாது உப்புக் கட்டி எப்போதும் நக்கக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, இதில் செம்புச் சத்து அதிகம். மாடு ஓரளவு தாங்கும், செம்மறியாடு தாங்காது. பி.கே.சி.யையே முக்கியத் தீனியாகத் தின்ற செம்மறியாடுகளின் ஈரலில் செம்பு சேர்ந்து, அவை மடிந்துபோவது நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட விஷயம். மாட்டுக்கு வாங்கிய சாக்கைச் செம்மறிக் கொட்டகையில் அவிழ்க்காதீர்கள்.

நான்காவது, இதில் பச்சைத் தீனியின் உயிர்ச்சத்து இல்லை. புல்லில் உள்ள கரோட்டின்தான் பசும்பாலுக்கு இளமஞ்சள் நிறம் தருகிறது. நம் உடலில் அது 'ஏ' உயிர்ச்சத்தாக மாறும். பிள்ளைகளின் கண்ணுக்கு வேண்டிய சத்து அது. புண்ணாக்கும் வைக்கோலும் மட்டும் தின்னும் மாட்டின் பால் வெளுத்திருக்கும்.

நியூசிலாந்தில் நடந்தது

நம் பக்கத்துப் புண்ணாக்கு கப்பலேறி நியூசிலாந்துக்கும் போகிறது. புல்வெளிக்குப் பெயர்போன அந்த நாட்டில், வறட்சிக் காலத்தில் புல் போதாமல் மலேசிய, இந்தோனேசிய பி.கே.சி.யை வாங்க ஆரம்பித்தார்கள். வர வர அது ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் டன் வரை வளர்ந்தது.

அங்குள்ள பெரிய பால் கூட்டுறவு நிறுவனமான ஃபொன்டெரா, 2015-ஆம் ஆண்டில் தன் விவசாயிகளுக்கு ஓர் ஆலோசனை சொன்னது: ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 கிலோவுக்கு மேல் பி.கே.சி. கொடுக்காதீர்கள் என்று. புல் தின்னும் மாட்டுப் பால் என்ற பெயரைக் காப்பது ஒரு காரணம். புண்ணாக்கு அதிகமானால் பால் கொழுப்பின் தன்மை மாறி, வெண்ணெய் போன்ற பொருள்கள் செய்யச் சிரமமாகிறது என்பது இன்னொரு காரணம். 2018-இல் பாலின் கொழுப்பைச் சோதித்துத் தரம் பிரிக்கும் முறையையே கொண்டு வந்தார்கள்.

கவனியுங்கள், அந்தப் பால் நஞ்சு என்று யாரும் சொல்லவில்லை. பாலைச் சோதித்தே மாடு என்ன தின்றது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம்.

அங்கே பெரிய மாட்டுக்கே 3 கிலோ என்றால், நம் கொட்டகையில் உள்ள சிறிய மாட்டுக்கு 2 கிலோ போதும். ஒரு தடவை தராசில் நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு டின்னில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் சல்லடையில் சலியுங்கள். கொட்டையின் ஓட்டுத் துகள் கலந்திருக்கும்; அது மாட்டுக்குச் செரிக்காது.

மட்டையும் ஈரச் சக்கையும்

வெட்டிப் போட்ட செம்பனை மட்டை மாட்டுக்கு நார்த் தீனியாகும். வைக்கோலைப்போல் அதில் புரதம் குறைவு. வயிறு நிரப்பவும் நார் கொடுக்கவும் உதவும். மட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்துக் கொடுக்கலாம் என்று மார்டி ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். வீட்டளவில் செய்ய, மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் பீப்பாய் போதும். நறுக்கிய மட்டையை மிதித்து மிதித்து அடைத்து மூடி, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் இனிய புளிப்பு வாடை வர வேண்டும். அழுகல் வாடை வந்தால் குப்பைக் குழிக்குத்தான் போக வேண்டும்.

சோயா சக்கை, பீர் ஆலைச் சக்கை இரண்டிலும் நல்ல புரதம் உண்டு, பாலும் கூடும். ஆனால் அவற்றில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். நம் ஊர் வெயிலில் ஓரிரு நாளில் கெட்டுவிடும். காலையில் வந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். ஈரச் சக்கை நாளுக்கு 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். அன்னாசித் தோலுக்குப் புளிப்பு அதிகம். வெறும் வயிற்றில் கொட்டக் கூடாது. முதலில் புல்லோ மட்டையோ தின்னட்டும்.

கடும் வாடையுள்ள எதையும் பால் கறக்கும் முன் கொடுக்காதீர்கள். புளித்த தீனி வாடை பாலில் ஏறிவிடும். கறந்த பிறகு கொடுத்தால் அடுத்த கறவைக்குள் அது போய்விடும்.

புதுத் தீனி எதுவானாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும். இல்லாவிட்டால் வயிறு உப்பும், பேதியாகும், பால் படுத்துவிடும்.

கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஈரம் பட்ட புண்ணாக்கிலும் சோளத்திலும் ஒருவகைப் பூசணம் வளர்கிறது. கடலைப் புண்ணாக்கிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும்கூட அதைக் காணலாம். அது உண்டாக்கும் நஞ்சின் பெயர் அஃப்லடாக்சின். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. துருவிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சே காரணம் என்று தெரிந்தது.

நம் நாட்டுக்கும் இந்த நஞ்சு புதிதல்ல. 1988-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் லோ ஷீ ஃபன் என்னும் அரிசி நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் ஈரல் செயலிழந்து மாண்டார்கள். இறந்தவர்களின் உடலில் அஃப்லடாக்சின் இருந்தது சோதனையில் தெரிந்தது.

பூசணம் பிடித்த தீனியை மாடு தின்றால், அந்த நஞ்சில் ஒரு சிறு பங்கு வேறு வடிவமாகி ஒரே நாளில் பாலில் வந்துவிடும். அந்தப் பாலுக்கு நிறம் மாறாது, வாடை வராது, ருசியும் கெடாது. கிருமியைக் கொல்ல நாம் பாலைக் கொதிக்க வைக்கிறோமே, இந்த நஞ்சு அந்தச் சூட்டுக்குப் போகாது. ஒரே நாளில் ஆளைச் சாய்க்கும் அளவு பாலில் வருவதில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள்கணக்கில் உடலில் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு; ஈரல் புற்றுநோய்க்கும் வழி விடும். பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். சிறிய உடம்பு, அதிகப் பால்.

ஆறுதலான செய்தியும் உண்டு. கெட்ட தீனியை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் அந்த நஞ்சு வெகுவாக இறங்கிவிடும்.

"மேலே மட்டும்தான் பூசணம், சுரண்டிட்டுப் போடலாம்" என்று சொல்லாதீர்கள். நூல் நூலாகப் பூசணம் உள்ளே ஓடியிருக்கும். ஒரு சாக்குப் புண்ணாக்கின் விலை போனால் போகட்டும். சாக்கைத் தரையில் வைக்காதீர்கள். பலகை மேல், சுவரில் படாமல் அடுக்குங்கள். கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள். பழையதைத் தீர்த்துவிட்டுப் புதியதை அவிழுங்கள். கட்டி தட்டியது, சூடேறியது, காறல் வாடை அடிப்பது எதுவும் கொட்டகைக்குள் வர வேண்டாம்.

தோட்டத்துக்குள் இருக்கும் மற்ற ஆபத்துகள்

மரவள்ளித் தழையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பச்சையாக நிறையத் தின்ற மாடு மூச்சுத் திணறி விழும். நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். ரப்பர் விதையிலும் இதே ஆபத்து உண்டு. பச்சை விதையை மாட்டுக்குப் போடாதீர்கள்.

அடுத்தது மருந்தடித்த புல். பராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. புல் அறுக்கும் முன் மண்டோரிடம், "அண்ணே, எந்த நிரையில மருந்தடிச்சாங்க?" என்று கேட்பது உங்கள் உரிமை. மருந்து டப்பாவின் லேபிளில் போட்டிருக்கும் நாள்கள் கழியும்வரை அங்கே அறுக்க வேண்டாம். காலி மருந்து டின்னை எத்தனை தடவை கழுவினாலும் அதில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்காதீர்கள். ஆலைக் கழிவுநீர்க் குளத்திலும் மாட்டைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

பழியைத் தீர்ப்பது எப்படி?

நம் நாட்டு 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி, பாலில் கொழுப்பு நூற்றுக்கு 3.25 பங்குக்கும், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 பங்குக்கும் குறையக் கூடாது. கொழுப்பு மட்டும் குறைந்திருந்தால் தண்ணீர் கலந்ததாக அர்த்தமில்லை. பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டர் என்னும் கண்ணாடிக் கோல், தண்ணீர் கலந்த பாலில் ஆழமாக இறங்கும். கொழுப்பு மட்டும் குறைந்த பாலில் அது அப்படி இறங்காது. ஆகவே நிலையத்தில் உங்கள் பாலைக் குறை சொன்னால், இரண்டு சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அளவை எழுதி வாங்குங்கள்.

கறக்கும் முறையும் ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு. கடைசியில் வருவதுதான் கெட்டி. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலை விற்றால், அது தண்ணீராகத்தான் தெரியும். இரவு முழுவதும் மடியில் சேர்ந்த காலைப் பாலைவிட மாலைப் பால் கெட்டியாக இருப்பதும் இயற்கை.

சில கேள்விகள்

"தண்ணி அதிகமா காட்டினா பாலு நீர்த்துப் போகுமா?" போகாது. பாலில் 87 பங்கு தண்ணீர்தான். கறவை மாட்டுக்கு நம் வெப்பத்தில் நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் வேண்டும். தண்ணீர் குறைந்தால் பால்தான் குறையும்.

"வீட்டு மாட்டுப் பாலுதானே, காய்ச்சாம குடிக்கலாமா?" கூடாது. மாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் காசநோயும் மால்டா காய்ச்சலும் பச்சைப் பாலில் வரும். பொங்கும்வரை காய்ச்சுங்கள்.

"கைப்பிள்ளைக்குப் பசும்பால் கொடுக்கலாமா?" ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயது முடியும்வரை பசும்பாலை முக்கிய ஆகாரமாக்க வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

1. முதலில் புல், மட்டை, வைக்கோல், பிறகுதான் புண்ணாக்கு.
2. பி.கே.சி. சிறிய மாட்டுக்கு 2 கிலோ. பெரிய மாட்டுக்கும் 3 கிலோவைத் தாண்ட வேண்டாம்.
3. தினமும் கொஞ்சமாவது பச்சைத் தீனி. எப்போதும் தாது உப்பு, நல்ல தண்ணீர்.
4. ஈரச் சக்கை அன்றன்றைக்கு.
5. பூசணம் கண்டால் முழுச் சாக்கையும் ஒதுக்குங்கள்.
6. மருந்தடித்த இடத்துப் புல்லைத் தொடாதீர்கள்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போடுகிறோம். அந்த மரியாதை ஆண்டு முழுவதும் தீனித் தொட்டியிலும் இருக்கட்டும். நாளைக் காலை கொட்டகைக்குப் போனதும் முதல் வேலையாகப் புண்ணாக்குச் சாக்கைத் திறந்து, உள்ளே கைவிட்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். உங்கள் பிள்ளை குடிக்கும் பால் அங்கிருந்துதான் வருகிறது.